மருத்துவக் கல்லூரியின் பெயருக்கு எவ்வளவு எடை கொடுப்பது?

இரண்டு மூன்று மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைக்கும் நிலையில் இருப்பவர்கள், எது பெயர் பெற்ற கல்லூரி என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, படித்து முடித்தபின் எந்த நாட்டில், எந்தத் துறையில் மேற்பயிற்சி பெறப்போகிறோம் என்பதே. கல்லூரியின் பெயர் வாழ்நாள் முழுவதும் ஒரே அளவில் கைகொடுப்பதில்லை. பயிற்சிக்கு ஆள் எடுக்கும் கட்டத்தில்தான் அது பெரிதும் உதவும், அதுவும் ஆள் எடுக்கும் முறையைப் பொறுத்தே உதவும்.

ஆகவே அந்த முறையைத் தெரிந்துகொள்வது முதல் வேலை. இந்தியாவில் பெரும்பாலான முதுநிலை இடங்கள் நீட் முதுநிலைத் தேர்வின் தரவரிசைப்படி நிரப்பப்படுவதால், கல்லூரியின் புகழுக்கு அங்கு பெரிதாக இடமில்லை. பிரிட்டனில் புதிய மருத்துவர்களுக்கான இரண்டாண்டு அடிப்படைப் பயிற்சியில், 2024 முதல் கணினி குலுக்கிப் போடும் வரிசை எண்ணையும் விண்ணப்பதாரரின் விருப்பப் பட்டியலையும் வைத்து இடம் ஒதுக்குகிறார்கள். அமெரிக்காவில் நிலைமை வேறு. ஒவ்வொரு பயிற்சித் திட்டமும் விண்ணப்பங்களைத் தானே சலித்து, நேர்காணல் நடத்தி, தனக்கு வேண்டியவர்களை வரிசைப்படுத்துகிறது. அங்குள்ள உரிமத் தேர்வின் முதல் கட்டத்துக்கு 2022 ஜனவரி இறுதியிலிருந்து மதிப்பெண் கிடையாது, தேர்ச்சியா இல்லையா என்பது மட்டுமே; சலிப்பதற்குக் கைவசம் இருந்த ஓர் எண் போனதால், இரண்டாம் கட்ட மதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதமும், அவற்றோடு கல்லூரியின் பெயரும் கூடுதல் கவனம் பெற வாய்ப்புண்டு. தோல் மருத்துவம், நரம்பு அறுவை சிகிச்சை போன்ற போட்டி மிகுந்த துறைகளை நாடுவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். குடும்ப மருத்துவத்துக்கு அவ்வளவு கவலை வேண்டியதில்லை.

வெளிநாட்டில் பணியாற்றும் எண்ணம் இருந்தால், பெயருக்கு முன்னால் அங்கீகாரத்தைப் பாருங்கள். உலக மருத்துவக் கல்லூரிகளின் பொதுப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அதில் அந்தக் கல்லூரியின் பதிவைத் திறந்து, நீங்கள் செல்ல நினைக்கும் நாடு அதன் பட்டத்தை ஏற்கிறதா என்ற குறிப்பு இருந்தால் படித்துவிடுங்கள்; இல்லையென்றால் அந்த நாட்டு மருத்துவ அமைப்பிடமே கேளுங்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் கட்டணம் கட்டிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கல்லூரிகளை வரிசைப்படுத்தி வெளியிடும் தரவரிசைகளை ஓரளவுக்கு மேல் நம்பாதீர்கள். அவை ஆய்வு நிதி, பிறர் மனத்தில் உள்ள மதிப்பு போன்றவற்றையே பெரும்பாலும் அளக்கின்றன. பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியே 2023 ஜனவரியில் அத்தகைய தரவரிசை ஒன்றுக்குத் தகவல் தருவதை நிறுத்திக்கொண்டது. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த முதியோரை எடுத்துக்கொண்டு பார்த்தபோது, முன்னணிக் கல்லூரியில் படித்தவர் கவனித்தாலும் மற்றவர் கவனித்தாலும் 30 நாட்களுக்குள் இறப்போர் விகிதத்தில் வேறுபாடு காணவில்லை.

அடுத்தது நேரில் போய்ப் பார்ப்பது. என் கணிப்பில் முடிவில் பாதி இங்கேதான் இருக்கிறது. வழிகாட்ட வருபவர் நூலகத்தையும் புதுக் கட்டடத்தையும் காட்டுவார், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு காலை நேரத்தில் வார்டுப் பக்கம் நடந்து, கட்டில்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கவனியுங்கள். படுக்கைகள் காலியாகக் கிடக்கும் மருத்துவமனையில் கல்லூரிப் பெயர் எவ்வளவு பெரிதானாலும் கை பழகாது. பயிற்சி மருத்துவர் ஒருவரிடம், "எத்தனை பிரசவங்களை நீங்களே கையால் பார்த்தீர்கள், எத்தனையை ஓரமாக நின்று பார்த்தீர்கள்?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதல் எண்ணைச் சொல்ல அவர் தயங்கினால், அதுவே பதில். ரவுண்ட்ஸ் வரும் மூத்த மருத்துவர் மாணவனை நோயாளியின் வயிற்றைத் தொட்டுச் சொல்லச் சொல்கிறாரா, அல்லது கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிறாரா என்பதும் ஒரு காலைப் பொழுதிலேயே தெரிந்துவிடும்.

கல்லூரிகள் சமமாகத் தோன்றினால் பெயருள்ளதையே எடுங்கள். ஆய்வுக்கூடங்களும், கடிதம் எழுதினால் பிறர் மதிக்கும் பேராசிரியர்களும் அங்கே அதிகம் என்பது உண்மை. ஆனால் அதற்காகப் பெருங்கடன் வாங்க வேண்டியிருந்தால் நான் தயங்குவேன், ஏனெனில் கடன் சுமை பின்னாளில் துறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே சுருக்கிவிடும். பெயரில்லாத கல்லூரியில் சேர்ந்துவிட்டவர்கள், இறுதியாண்டில் விருப்பப் பயிற்சிக்கு (எலெக்டிவ், அதாவது மாணவர் தாமே தேர்ந்தெடுக்கும் குறுகிய காலப் பயிற்சிக்கு) வெளியிடம் செல்ல அனுமதி உண்டா என்று முதலாண்டிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தாம் சேர விரும்பும் துறையில் நான்கு வாரம் வேலை செய்து காட்டி அங்குள்ள ஒருவரிடம் வாங்கும் கடிதம், பட்டச் சான்றிதழின் முகப்பில் இருக்கும் பெயரைவிடத் தேர்வாளரை நெருங்கிப் பேசும்.