ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள்: தபால்பெட்டியிலிருந்து தொடங்குவோம்

போன மாதம் சிண்டல்ஃபிங்கனில் ஒரு தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கோயம்புத்தூர்க்காரர், வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் செருப்பு ஸ்டாண்டின் மேல் ஒரு கட்டுத் தபால். பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. "எல்லாம் ஜெர்மன்லதான் அண்ணா இருக்கு. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து டிரான்ஸ்லேட் போட்டுப் பாக்கணும்" என்றார். அந்தக் கட்டின் நடுவிலிருந்து மஞ்சள் உறை ஒன்றின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. காபி அப்புறம் குடிக்கலாம், முதலில் அதைப் பிரியுங்கள் என்றேன்.

நான் வந்த புதிதில் என் வீட்டிலும் இதே மாதிரி ஒரு கட்டு இருந்தது. அதற்கு நான் கொடுத்த விலை அதிகம். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதே இடத்தில் போய் இடறுவதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, குப்பையைப் பிரித்துப் போட வேண்டும், சிவப்பு விளக்கில் சாலையைக் கடக்கக் கூடாது என்பதெல்லாம் வந்த இரண்டாவது வாரத்தில் தானாகப் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தபாலைப் பிரிக்காமல் வைப்பது

நம் ஊரில் முக்கியமான விஷயம் என்றால் போன் வரும், எஸ்எம்எஸ் வரும், இல்லாவிட்டால் நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாம். இங்கே முக்கியமானது எதுவோ அதுதான் காகிதத்தில் வரும். வரி எண், இன்சூரன்ஸ் கார்டு, வங்கி அட்டையின் ரகசிய எண், வாடகைக் கணக்கு, வேகமாக ஓட்டியதற்கு அபராதம், எல்லாமே தபால்தான். அதைவிட முக்கியம், பதில் சொல்ல வேண்டிய கெடு. கடிதம் உங்கள் பெட்டிக்கு வந்து சேர்ந்ததிலிருந்து அது ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் படித்தீர்களா, உங்களுக்கு ஜெர்மன் தெரியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மஞ்சள் உறை என்றால் சட்டப்படி ஒப்படைக்கப்பட்ட கடிதம். நீதிமன்றமோ அரசு அலுவலகமோ அனுப்பியிருக்கும். கையெழுத்துக்காகக் கதவைத் தட்டிக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் ஆள் இல்லையென்றால் தபால்காரர் பெட்டியில் போட்டுவிட்டு, போட்ட தேதியை உறையின் மேல் பேனாவால் எழுதிவிடுவார். பேனாவால் எழுதிய அந்தத் தேதிதான் உங்கள் கணக்கின் முதல் நாள். உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டால் அந்தச் சான்றும் போயிற்று.

என் கதை இது. 2017-ல் ஸ்டுட்கார்ட்டில் ஒரு வீட்டைக் காலி செய்து இன்னொரு வீட்டுக்கு மாறினோம். சாவியைக் கொடுக்கும் அன்று மின்சார மீட்டரை போட்டோ எடுத்தேன். ஆனால் அந்த எண்ணைக் கம்பெனிக்கு அனுப்பவில்லை. வீட்டு ஓனர் அனுப்புவார் என்று நினைத்துவிட்டேன். பழைய முகவரிக்கு வரும் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் சேவைக்கும் பணம் கட்டவில்லை. கம்பெனி தானே ஒரு மதிப்பீடு போட்டு, 187 யூரோ பாக்கி என்று கடைசி பில்லைப் பழைய வீட்டுக்கு அனுப்பியது. என் கைக்கு வரவில்லை. நினைவூட்டல்களும் வரவில்லை. சில மாதம் கழித்து ஒரு வசூல் நிறுவனத்தின் கடிதம் புது வீட்டுக்கு வந்தது. நகராட்சியில் நாம் பதிவு செய்யும் முகவரியை, பாக்கி வர வேண்டியவர் கட்டணம் கட்டிக் கேட்டு வாங்க முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆபீஸில் ஒருவரிடம் காட்டினேன். "இந்த மாதிரி ஏமாத்து லெட்டர் நிறைய வரும், தூக்கிப் போடு" என்றார். தூக்கிப் போட்டேன்.

அடுத்து மஞ்சள் உறை வந்தது. தங்கை கல்யாணத்துக்குக் கும்பகோணம் கிளம்ப நான்கு நாள்தான் இருந்தது. சூட்கேஸை எடை போடுவதும் திரும்பப் பிரித்து அடுக்குவதுமாக இருந்த நேரம். உறையை ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று. ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது பெட்டியில் இன்னொரு மஞ்சள் உறை கிடந்தது. அதன் மேல் எழுதியிருந்த தேதிக்கு மூன்று வாரம் தாண்டியிருந்தது.

முதல் உறையில் இருந்தது மான்பெஷைட். நீதிமன்றம் அனுப்பும் பாக்கி அறிவிப்பு. இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது: அந்தப் பாக்கி உண்மையா என்று நீதிமன்றம் இந்தக் கட்டத்தில் விசாரிப்பதில்லை. கேட்டவர் விண்ணப்பத்தைச் சரியாக நிரப்பியிருந்தால் அனுப்பிவிடும். அது தப்பு என்றால் சொல்ல வேண்டியது நாம்தான், இரண்டு வாரத்துக்குள். அதற்கான மறுப்புப் படிவம் அதே உறைக்குள்ளேயே இருக்கும். ஒரு கட்டத்துக்குள் டிக், கீழே கையெழுத்து. காரணம் எழுத வேண்டாம், கட்டணமும் இல்லை. நான் அதைச் செய்யாததால் அடுத்தபடியாக ஃபோல்ஸ்ட்ரெக்குங்ஸ்பெஷைட், அதாவது பணத்தைக் கட்டாயமாக வசூலிக்க அனுமதிக்கும் ஆணை, இரண்டாவது உறையில் வந்தது. அதற்கும் இரண்டு வாரம்தான் கெடு. அதுவும் தாண்டினால் அது தீர்ப்பு மாதிரி. முப்பது வருடம் செல்லும்.

அந்த 187 யூரோ நான் தர வேண்டிய பணமே இல்லை. மீட்டர் போட்டோ என் போனில் இருந்தது. அந்த எண்ணை வைத்துக் கணக்குப் பார்த்தால் கம்பெனிதான் எனக்குக் கொஞ்சம் திருப்பித் தர வேண்டியிருந்தது. நுகர்வோர் ஆலோசனை மையத்துக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அம்மா போட்டோவைப் பார்த்தார், தேதிகளைப் பார்த்தார், "இந்தப் போட்டோ இருந்தும் ஏன் ஒரு டிக் அடிக்கவில்லை?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தால் எரிச்சல் வருகிறது.

வசூல் கட்டணம், நீதிமன்றச் செலவு, வட்டி எல்லாம் சேர்ந்து 460 யூரோவுக்கு மேல் கட்டினேன். அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெயர் ஷூஃபாவில், அதாவது யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று பதிந்து வைக்கும் நிறுவனத்தில், ஏறிவிட்டது. இங்கே வீடு வாடகைக்குக் கேட்டால் சம்பளச் சீட்டுக்கு அடுத்தபடியாகக் கேட்பது ஷூஃபா சான்றைத்தான். பணத்தைக் கட்டி முடித்த பிறகும் அந்தப் பதிவு மூன்று வருடம் கூடவே இருந்தது. மனைவி அப்போது மாசமாக இருந்தாள், ஓர் அறை கூடுதலாக வேண்டும். ஸ்டுட்கார்ட்டில் வீடு கிடைப்பது சாதாரண நாளிலேயே பெரும்பாடு. பார்த்த வீடுகளில் மூன்றில் எல்லாம் பேசி முடித்து, சான்றைக் காட்டியதும் பதிலே வரவில்லை. குழந்தை பிறந்து எட்டு மாதம் வரை அந்த ஒற்றை அறையில்தான் இருந்தோம்.

அதனால் சொல்கிறேன். பெட்டியைத் தினமும் திறங்கள், கடிதத்தை அன்றைக்கே பிரியுங்கள். மொத்தமும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, தேதியையும் தொகையையும் தேடுங்கள். மஞ்சள் உறை வந்தால் அன்று ராத்திரி தூங்குவதற்கு முன்னால் யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லுங்கள், உறையையும் பத்திரமாக வையுங்கள். பாக்கி உண்மையாகவே உங்களுடையது என்றால் மறுக்காமல் கட்டிவிடுங்கள், இழுத்தால் செலவுதான் கூடும். ஊருக்குப் போகும்போது பெட்டிச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, பிரித்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். எடுத்து அடுக்கி வைத்தால் மட்டும் போதாது.

அந்தத் தம்பியின் உறையில் இருந்ததும் மான்பெஷைட்தான். வாட்ஸ்அப்பில் சொல்லி நிறுத்திவிட்டதாக நினைத்த ஒரு ஜிம்மின் சந்தா. ஒன்பது நாள் போயிருந்தது. படிவத்தை நிரப்பி, மறுநாள் காலையில் அவரோடு போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன்.

தபால்பெட்டியில் ஒரே ஒரு பெயர்

இது நம் ஆட்களுக்கே உரிய சிக்கல். ஜெர்மனியில் முகவரியில் பெரும்பாலும் வீட்டு இலக்கம் கிடையாது. ஒரே கட்டிடத்தில் இருபது குடும்பம் இருந்தாலும் தெருவும் கட்டிட எண்ணும் மட்டும்தான். தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப்பெயரைப் பார்த்துத்தான் போடுவார்.

இனிஷியல் வைத்து வளர்ந்த நமக்குக் குடும்பப்பெயர் என்ற ஒன்றே இல்லை. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் எனக்கு என் அப்பா பெயர், மனைவிக்கு அவளுடைய அப்பா பெயர், மகளுக்கு என் பெயர். மூன்று பேர், மூன்று குடும்பப்பெயர். நான் பெட்டியில் என்னுடையதை மட்டும் ஒட்டியிருந்தேன். மனைவியின் வரி எண் கடிதம் "இந்தப் பெயரில் யாரும் இல்லை" என்று திரும்பிப் போய்விட்டது. வரி எண் இல்லாததால் அவளுடைய முதல் இரண்டு மாதச் சம்பளத்தில் ஆறாம் வகுப்பில், அதாவது இருப்பதிலேயே அதிகமாக, வரி பிடித்தார்கள். பின்னால் சரிசெய்து திரும்பக் கிடைத்தது என்றாலும், அந்த இரண்டு மாதமும் கையைக் கடித்தது.

வீட்டில் எத்தனை குடும்பப்பெயர் இருக்கிறதோ அத்தனையையும் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டல் மாறக் கூடாது. கூப்பிடும் பெயரை ஒட்டிப் பயனில்லை.

ஆன்மெல்டுங்கைத் தள்ளிப்போடுவது

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், அதுதான் ஆன்மெல்டுங். வீட்டு ஓனர் தரும் குடியிருப்புச் சான்று அவசியம், சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பதிவதற்கு நேரம் கிடைப்பது கஷ்டம், அதனால் வீடு உறுதியானதும் முன்பதிவு செய்யுங்கள். வாடகைக்குத் தருகிறேன், ஆனால் பதிய முடியாது என்று யாராவது சொன்னால் அந்த வீடு வேண்டாம்.

டிவி இல்லை என்று ஒளிபரப்புக் கட்டணத்தைக் கட்டாமல் விடுவது

டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. நண்பர்கள் சேர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், பிரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டைக் காலி செய்வதாக மின்னஞ்சலில் சொல்வது

செல்லாது. காகிதத்தில், பேனாவால் போட்ட கையெழுத்தோடு போக வேண்டும். ஒப்பந்தத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். வழக்கமாக மூன்று மாத அவகாசம். மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் ஓனர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். நாம் தபாலில் போட்ட தேதிக்கு மதிப்பில்லை. மார்ச் மூன்றாவது வேலை நாளுக்குள் சேர்ந்தால் மே கடைசியில் காலி செய்யலாம். ஒரு நாள் தாமதித்தால் ஜூன் வாடகையும் உங்கள் தலையில்.

குளிர்காலம் முழுக்க ஜன்னலைச் சாத்தியே வைப்பது

இங்குள்ள வீடுகளில் காற்று தானாக வெளியேறாது. நாமோ தினமும் சோறு வடித்து, குக்கர் வைத்து, துவைத்த துணியையும் ஹாலிலேயே காயப்போடுவோம். அந்த ஈரம் எல்லாம் போய்க் குளிர்ந்த சுவரில் உட்காரும். பிப்ரவரியில் ஒருநாள் அலமாரியை நகர்த்தினேன். பின்னால் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவரில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், மிளகைத் தூவினாற்போல. அலமாரியின் பின்பலகை ஊறி வளைந்திருந்தது. அதற்குள் இருந்த பட்டுப்புடவைகளில் இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. சுவரைச் சரிசெய்த செலவு டெபாசிட்டில் கழிந்தது.

ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்த்து வைத்தால் வீடு குளிரும், ஈரம் போகாது. முழுவதும் விரியத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் வையுங்கள். காலையில் ஒரு முறை, சமைத்த பிறகு ஒரு முறை, படுப்பதற்கு முன் ஒரு முறை. வெளிச்சுவரை ஒட்டி அலமாரியைப் போடாதீர்கள், ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

கேர்வோகே பலகையைக் கவனிக்காமல் விடுவது

கேர்வோகே என்றால் குடியிருப்பவர்கள் வாரம் ஒருவராக முறை வைத்துத் துடைப்பது. நாங்கள் இருக்கும் ஷ்வாபன் பகுதியில் பல கட்டிடங்களில் இன்னும் உண்டு. அதற்கான பலகை உங்கள் கதவில் தொங்கினால் அந்த வாரம் படிக்கட்டைத் துடைப்பது உங்கள் வேலை.

சம்பளம் ஏறியதும் தனியார் மருத்துவக் காப்பீட்டுக்குத் தாவுவது

ஆண்டுச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் அரசு முறையிலான காப்பீட்டை விட்டுத் தனியாருக்குப் போக அனுமதி உண்டு. 2025-ல் அந்த வரம்பு 73,800 யூரோவாக இருந்தது. முப்பது வயதில், தனி ஆளாக இருக்கும்போது தனியார் பிரீமியம் குறைவாகத் தெரியும், டாக்டரிடம் நேரமும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அரசு முறையில் வருமானம் இல்லாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். தனியாரில் ஒவ்வொரு தலைக்கும் கட்ட வேண்டும். திரும்பி வர நினைத்தால் சம்பளம் அந்த வரம்புக்குக் கீழே இறங்குவது போல ஏதாவது நடந்தாக வேண்டும். 55 வயதுக்கு மேல் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். கல்யாணம், குழந்தை என்று யோசனை இருந்தால் ஏஜென்ட் காட்டும் முதல் வருடக் கணக்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஹாஃப்ட்ஃப்ளிக்ட் காப்பீடு எடுக்காமல் இருப்பது

நம்மால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு. முதல் மாதமே எடுங்கள். வீட்டுச் சாவிதான் பல இடங்களில் கட்டிடத்தின் வாசலுக்கும் பாதாள அறைக்கும் பொதுச் சாவி. அது தொலைந்தால் மொத்தக் கட்டிடத்துக்கும் பூட்டு மாற்றி, அந்தச் செலவை உங்களிடம் கேட்கலாம். பாலிசி எடுக்கும்போது சாவி தொலைவதும் அதில் அடங்குமா என்று கேட்டு, அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.