கேஸ் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்: எச். பைலோரிக்கு 14 நாள் மருந்து எடுக்கும் முறை

போன வருடம் ஒரு பெரியவர் எங்கள் மருந்துக்கடைக்கு வந்து இரண்டு அட்டைகளைக் கவுண்டரில் வைத்தார். அமாக்சிசிலின் அட்டை பாதிக்கு மேல் காலி. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் அட்டையில், அதாவது கேஸ் மாத்திரை அட்டையில், மூன்றே மூன்று பிரித்திருந்தது. "வலி போயிடுச்சும்மா. இது சும்மா கேஸ் மாத்திரைதானே, எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார். "ஐயா, அது இல்லாம அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின்னு மத்த ரெண்டு ஆன்டிபயாடிக்கும் சரியா வேலை செய்யாது" என்று சொல்லி, அவரை அன்றைக்கே டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். மருந்து கொடுத்த அன்றே இதை நான் விளக்கியிருக்க வேண்டும். இப்போது எல்லோருக்கும் உட்காரவைத்துச் சொல்கிறேன்.

எச். பைலோரி வயிற்று அமிலத்துக்கு நடுவிலேயே வாழ்ந்து, வயிற்றில் புண் உண்டாக்கக்கூடிய கிருமி. தன்னைச் சுற்றி அம்மோனியா சுரந்து தற்காத்துக்கொள்ளும். அமிலம் அதிகமாக இருக்கும்போது பெருகாமல் பதுங்கிக் கிடக்கும். அமாக்சிசிலினோ பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் கொல்லும். கிளாரித்ரோமைசின் அமிலத்தில் சிதைந்து வீணாகும். கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைத்ததும் பதுங்கியிருந்த கிருமி பெருகத் தொடங்குகிறது, மருந்தும் சிதையாமல் போய்ச் சேருகிறது.

அதனால் நேரம் முக்கியம். காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் 40 மில்லிகிராம், கடிக்காமல் முழுதாக. அரை மணி கழித்து இட்லியோ கஞ்சியோ. சாப்பிட்டதும் அமாக்சிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மில்லிகிராம். ராத்திரியும் இதே வரிசை. சாப்பிடும்போதுதான் அமிலம் சுரக்கும் பம்புகள் ஓடத் தொடங்கும். மாத்திரை அதற்கு முன்பே ரத்தத்தில் கலந்து தயாராக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பலன் குறைந்துவிடும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

இது ஒரு வழக்கமான சேர்க்கை, அவ்வளவுதான். நம் நாட்டில் கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத கிருமிகள் நிறைய. அதனால் கேஸ் மாத்திரையோடு பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் சேர்ந்த நான்கு மருந்து முறையையும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். அப்படியானால் டெட்ராசைக்ளினைப் பாலோடு போடாதீர்கள், மெட்ரோனிடசோல் எடுக்கும்போது மது கூடவே கூடாது. பிஸ்மத்தால் மலமும் நாக்கும் கறுக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் மலம் தார் போல ஒட்டி, நாற்றம் அடித்து, தலை சுற்றினால் அது ரத்தக்கசிவாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பென்சிலின் அலர்ஜி, கர்ப்பம், இதயத்துக்கான மருந்து, ரத்தத்தை இளக்கும் மாத்திரை எது இருந்தாலும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் இரண்டும் கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் தசையைப் பாதிக்கலாம். வாய்க்கசப்பு, லேசான வயிற்றுப்போக்கு சகஜம், அதற்காக நிறுத்தாதீர்கள். உடம்பில் தடிப்பு வந்தாலோ, வயிற்றுப்போக்கு கடுமையானாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், வலி போனால் கிருமி போயிற்று என்று அர்த்தமில்லை. ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். அதற்கு முன் 2 வாரம் கேஸ் மாத்திரை போடக்கூடாது. போட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி ஒழிந்த பிறகும், அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் நெடுநாள் இருக்கும்.

கிருமி இன்னும் இருந்தால் பழைய மருந்தையே மறுபடி வாங்கிப் போடாதீர்கள். பழைய சீட்டைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். முதல் முறை கிளாரித்ரோமைசின் எடுத்திருந்தால் அதைத் தவிர்த்து வேறு சேர்க்கை எழுத அவருக்கு அந்தச் சீட்டு தேவைப்படும்.