நீதித்துறையைப் புதுப்பித்தவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: எத்தோ ஷிம்பெய்யை முன்வைத்து

ஒரு நாட்டின் நீதித்துறையைப் புதுப்பித்த தலைவரைப் பற்றி எழுத உட்காருபவர்களில் பலர், பிறந்த ஊரில் தொடங்கி, படிப்பு, பதவி, மறைவு என்று வரிசையாகச் சென்று முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதினால் பதவிகளின் பட்டியல் மிஞ்சுமே தவிர, அவர் வருவதற்கு முன் வழக்கு என்று போனவருக்கு என்ன நேர்ந்தது, அவர் வந்தபின் என்ன மாறியது என்பது வாசகருக்கு விளங்காது. ஜப்பானின் முதல் நீதித்துறை அமைச்சரான எத்தோ ஷிம்பெய்யை (1834–1874) எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, இத்தகைய கட்டுரையை எப்படி அமைக்கலாம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் பழைய நீதிமன்றத்தைக் காட்டுங்கள். 1868 வரை ஜப்பானை ஆண்ட தோக்குகாவா படைத்தலைவர் குடும்பத்தின் ஆட்சிக்கால நகரங்களில் நிர்வாகம், காவல், தீர்ப்பு மூன்றும் ஒரே அதிகாரியின் கையில் இருந்தன. அவர் உயரமான தளத்தில் அமர்ந்திருக்க, வழக்குக்கு வந்த எளியவர் கீழே வெண்மணல் பரப்பிய முற்றத்தில் பாயின்மேல் மண்டியிட்டிருப்பார். குற்றத்தை உறுதி செய்ய ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும் என்பதால், அதைப் பெறச் சித்திரவதையும் அனுமதிக்கப்பட்டிருந்தது. 1868இல் பேரரசரின் பெயரால் புதிய அரசு அமைந்த பிறகும் வரி வசூலிப்பவரே தீர்ப்பும் சொல்லும் நிலை மாவட்டங்களில் தொடர்ந்தது. இதை இரண்டு பத்திகளிலாவது நிறுத்தி எழுதினால்தான் பின்னால் வரும் சீர்திருத்தத்தின் எடை தெரியும்.

இளமைக்காலத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். சாகா சிற்றரசின் கீழ்நிலைச் சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தவர், 1862இல் அனுமதியின்றிச் சிற்றரசை விட்டு கியோத்தோவுக்குச் சென்றதற்காக வீட்டுக்காவல் தண்டனை பெற்றவர் என்பதைச் சொன்னால் போதும். விதியை மீறத் துணிந்த இளைஞரே பின்னாளில் விதிகளை எழுதினார் என்பது வாசகரின் மனத்தில் நின்றுவிடும்.

அடுத்து, அவருடைய பேச்சுகளைவிட அவர் வெளியிட்ட விதிகளைப் படியுங்கள். சீர்திருத்தக்காரரின் உண்மையான கையெழுத்து அங்கேதான் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் நீதித்துறைப் பணி ஒழுங்குமுறையில் 108 விதிகள் உள்ளன. நீதிபதியின் வேலை எது, அரசுத் தரப்பு வழக்குநடத்துநரின் வேலை எது என்று அது பிரித்துக் காட்டியது; கட்சிக்காரருக்காக வாதாடுபவர், மனு எழுதித் தருபவர், பத்திரங்களுக்குச் சான்றளிப்பவர் ஆகியோருக்கும் அதில் இடம் இருந்தது. மாவட்ட நீதிமன்றம் தானாக மரண தண்டனை விதிக்கக் கூடாது, அமைச்சகத்தைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்றும் அதில் ஒரு விதி உண்டு. இந்த விதியைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் தேவைப்படும். அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த அமைச்சகத்தின் 46ஆம் உத்தரவு, உள்ளூர் அதிகாரிகள் சட்டத்துக்குப் புறம்பாக நடந்தால் குடிமக்கள் நீதிமன்றத்தில் முறையிடலாம் என்றது.

இங்கே தேதிகளில் கவனம் வேண்டும். ஜப்பான் 1873 ஜனவரி 1 அன்றுதான் இன்றைய நாட்காட்டிக்கு மாறியது. அந்த மாற்றத்துக்காக முந்தைய ஆண்டின் பன்னிரண்டாம் மாதம் இரண்டே நாள்களில் முடித்துக்கொள்ளப்பட்டது. ஆகவே 1872 வரையிலான ஆவணங்களில் ‘எட்டாம் மாதம்’ என்றிருப்பதை ஆகஸ்ட் என்று எழுதிவிடாதீர்கள். பெயரிலும் இதே கவனம் தேவை. எத்தோ என்பது குடும்பப் பெயர், ஜப்பானிய வழக்கப்படி முன்னால் வருவது.

விதியை விளக்கியதும் அது நடைமுறைக்கு வந்த ஒரு வழக்கைச் சொல்லுங்கள். ஓனோ என்ற பெரிய வணிகக் குழுமம் 1873இல் தன் குடும்பப் பதிவை (வசிப்பிடத்தோடு சேர்த்து அரசு வைத்திருந்த குடும்பப் பதிவேட்டுக் குறிப்பை) கியோத்தோவிலிருந்து வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பித்தது. மாவட்ட நிர்வாகம் அதை முடக்கிவைத்தது. 46ஆம் உத்தரவைப் பிடித்துக்கொண்டு குழுமம் நீதிமன்றத்துக்குப் போக, தீர்ப்பு அதற்குச் சாதகமாக வந்தது. நிர்வாகம் அப்போதும் பணியவில்லை. ஆளுநருக்கே அபராதம் விதிக்கப்பட்டது. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த மாக்கிமுரா பிறகு காவலில் வைக்கப்பட்டார். அமைச்சரைப் புகழ்ந்து பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு வழக்கை நிதானமாகச் சொல்வது மேல் என்பது என் உறுதியான கருத்து. அந்த அக்டோபரில் கொரியாவுக்குத் தூதரை அனுப்புவதா என்ற விவகாரத்தில் அரசு பிளவுபட்டு எத்தோ பதவி விலகியதும் மாக்கிமுரா விடுவிக்கப்பட்டார் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

எதிர்த்தவர்களின் தரப்பையும் நேர்மையாகக் கொடுங்கள். நிதித்துறையை நடத்திய இனோவுயே கவோரு, நீதித்துறை கேட்ட பணத்தைக் குறைத்தார். அதைக் கண்டித்து 1873 ஜனவரியில் எத்தோ விலகல் கடிதம் கொடுத்தார்; அது அப்போது ஏற்கப்படவில்லை. கஜானா மெலிந்திருந்த காலத்தில் மாவட்டந்தோறும் நீதிமன்றம் கட்டுவது எளிதன்று. எத்தோவின் அவசரமும் உண்மையானதே. பிரெஞ்சுச் சட்டத்தொகுப்பை மொழிபெயர்த்த மித்சுகுரி ரின்ஷோவிடம், பிழை வந்தாலும் பரவாயில்லை, விரைந்து முடியுங்கள் என்று அவர் வற்புறுத்தியதாகச் சொல்லப்படுகிறது. இப்படிப்பட்ட வாசகங்களை ‘சொல்லப்படுகிறது’ என்ற குறிப்போடுதான் எடுத்தாள வேண்டும்.

பிறர் செய்ததை அவர் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜப்பானின் புதிய சட்டங்களை வரைய உதவிய பிரெஞ்சுச் சட்ட அறிஞர் புவசொனாத் ஜப்பான் வந்து சேர்ந்தது எத்தோ விலகிய பிறகு, 1873 நவம்பரில். சித்திரவதை ஒழிக்கப்பட்டது 1879இல். புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1882இல். குடிமைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1898இல்.

முடிவுப் பகுதியில், தாம் அமைத்த முறை தமக்கே தேவைப்பட்ட நாளில் அவருக்கு என்ன கிடைத்தது என்பதை எழுதுங்கள். 1874 பிப்ரவரியில் சாகாவில் மூண்ட கிளர்ச்சிக்கு எத்தோ தலைமை ஏற்றார்; தோற்றுத் தப்பியவர் தோசாப் பகுதியில் பிடிபட்டார். அவரைத் தேட அவருடைய புகைப்படம் அனுப்பப்பட்டிருந்தது. விசாரித்த நீதிபதி கோனோ தோகாமா, நீதித்துறையில் அவருக்குக் கீழே பணியாற்றியவர். கிளர்ச்சியை அடக்கப் படை, நிர்வாகம், நீதி ஆகிய மூன்று அதிகாரங்களையும் பெற்று வந்திருந்த அரசின் முன்னணித் தலைவர் ஓக்குபோ தோஷிமிச்சி சாகாவிலேயே இருந்தார். விசாரணை இரண்டு நாள்களில் முடிந்தது. ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு வாசிக்கப்பட்டு, அன்றே அவர் தலை துண்டிக்கப்பட்டுப் பொதுவில் வைக்கப்பட்டது. முன்பு குறித்து வைத்த விதியை இப்போது எடுங்கள். மரண தண்டனைக்கு முன் அமைச்சகத்தைக் கேட்க வேண்டும் என்று அவர் எழுதிவைத்திருந்தார். அவருடைய வழக்கில் யாரும் கேட்கவில்லை. இந்த இடத்தில் உங்கள் கருத்து எதையும் சேர்க்காமல், விதியின் வரியையும் தீர்ப்பு நாளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, 1889இல் அரசியலமைப்பு வெளியானபோது அளிக்கப்பட்ட பொதுமன்னிப்பில் அவர் மீதிருந்த துரோகிப் பட்டம் நீங்கிய செய்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.