பனியன் துணியில் தையல் கெட்டால் உடனே பிரிக்காதீர்கள்

ஜாக்கெட், சுடிதார் எல்லாம் நன்றாகத் தைப்பவர்கள்தான் பனியன் துணியில் முதலில் அதிகமாகத் தடுமாறுகிறார்கள். கையும் மெஷினும் வேறொரு துணிக்குப் பழகியிருக்கின்றன, வம்பே அதுதான். ஜாக்கெட் துணி நெய்தது, நூல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். பனியன் துணி பின்னியது. முழுக்கக் கண்ணி கண்ணியாகக் கோத்தது, இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். அதனால் பொடித் தையல், 16ஆம் நம்பர் ஊசி, பின்னால் பிடித்து இழுத்துத் தைப்பது, பிற்பாடு பிரித்துவிட உதவும் என்று உள்ளே இரண்டு இன்ச் துணி விடுவது என நெய்த துணியில் நமக்குக் கைகொடுத்த பழக்கமெல்லாம் இங்கே ஒவ்வொன்றும் ஒரு கோளாறாக வந்து நிற்கும்.

ஆனால் ஒரு வசதி உண்டு. பனியன் துணியில் வரும் கோளாறு ஒவ்வொன்றும் பார்த்தாலே இன்னதென்று தெரியும். ஓரம் நெளிந்தால் அதற்கு ஒரு காரணம், தையல் விட்டுவிட்டு விழுந்தால் வேறு காரணம். கெட்டுப்போனதும் ஆத்திரத்தில் பிரிக்க உட்கார்ந்தால் அந்தத் தடயம் போய்விடும், துணியிலும் ஓட்டை விழும். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இழுத்துப் பாருங்கள், பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அப்புறம் அதே துணியின் துண்டு ஒன்றில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றித் தைத்துப் பாருங்கள். ஊசியையும் மாற்றி டென்ஷனையும் (நூலின் இறுக்கம்) மாற்றி நூலையும் மாற்றினால் சரியாகலாம், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தைத்துப் பார்த்த துண்டிலேயே "11 நம்பர், தையல் நீளம் 3, அகலம் 1" என்று பேனாவால் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் போதும், தனியாக நோட்டு வேண்டாம்.

துணியில் இருந்தே ஆரம்பிக்கும் கோளாறுகள்

திருப்பூர் பக்கம் பனியன் துணியைக் கிலோ கணக்கில் வாங்கலாம், கட் பீஸ் என்றால் இன்னும் மலிவு. கிலோ கணக்கு புரியாமல் குறைவாக வாங்கிவிட்டு, கை வெட்டத் துணி போதாமல் ஒட்டுப் போடுபவர்கள் நிறைய. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 180 ஜிஎஸ்எம் துணி ஒரு கிலோ வாங்கினால் 1000 வகுத்தல் 180, அதாவது சுமார் ஐந்தரை சதுர மீட்டர். அகலம் 72 இன்ச் இருந்தால் நீளம் மூன்று மீட்டர் வரும். பெரியவர்களுக்கான சாதாரண டீ-ஷர்ட் நாலு வெட்டலாம், கொஞ்சம் கவனமாகப் போட்டால். பழகும்போது 180 முதல் 200 ஜிஎஸ்எம் வரை உள்ள துணியாகப் பாருங்கள். மெல்லிய 140 ஜிஎஸ்எம் துணி ஓரம் சுருண்டு சுருண்டு உயிரை வாங்கும்.

வாங்கியதும் வெட்டாதீர்கள், நனைத்துக் காய வையுங்கள். இதை எல்லோரும் சொல்வார்கள், முக்கால்வாசிப் பேர் செய்ய மாட்டார்கள். துணியில் 50 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்துவிட்டு வழக்கமாகத் துவைப்பது போலத் துவைத்து, காய்ந்தபின் அளந்து பாருங்கள். நீளத்தில் 47 ஆகியிருந்தால் 6 சதவீதம் சுருங்கியிருக்கிறது. 28 இன்ச் நீளத்தில் தைத்த டீ-ஷர்ட்டில் இது ஒன்றரை இன்ச்சுக்கு மேல், இரண்டு துவைப்பில் தொப்புள் தெரியும். பக்கத் தையல் துவைத்த பிறகு முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடுவதும் சிங்கிள் ஜெர்சியில் (டீ-ஷர்ட்டுக்கான ஒற்றைப் பின்னல் துணி) சகஜம், அது நூலின் முறுக்கால் வருவது, உங்கள் தையலால் அல்ல. நனைத்தபின் அந்த முறுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். துணியின் மடிப்பை நம்பி வெட்டாமல், உற்றுப் பார்த்தால் தெரியும் மெல்லிய நேர்க்கோடுகளோடு சேர்த்து பேப்பர் பேட்டர்னை வைத்து வெட்டினால் பெருமளவு தப்பிக்கலாம். குழாய் போல வரும் துணியில் இரு ஓரத்திலும் விழுந்திருக்கும் மடிப்புக் கோடு பல சமயம் துவைத்தாலும் போகாது, அதை நெஞ்சின் நடுவில் வரும்படி வெட்டிவிடாதீர்கள்.

எது நல்ல பக்கம் என்று குழம்பினால் குறுக்கே வெட்டிய ஓரத்தைப் பிடித்து இழுங்கள். சிங்கிள் ஜெர்சி நல்ல பக்கத்தை நோக்கிச் சுருளும்.

அப்புறம் இழுவை. 10 செ.மீ. துணியை அகலவாக்கில் இழுத்தால் எவ்வளவு வரை போகிறது, விட்டால் பத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். நீள்வதைவிடத் திரும்புவது முக்கியம். லைக்ரா (ரப்பர் போல நீண்டு திரும்பும் இழை) இல்லாத காட்டன் ஜெர்சியில் லெக்கிங்ஸ் தைத்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்ததும் முழங்கால் தொங்கும். எவ்வளவு அழகாகத் தைத்தாலும் தொங்கும். அந்தத் துணியில் நைட் பேன்ட் தையுங்கள், தளர்வாக, நன்றாக இருக்கும்.

தையல் விட்டுவிட்டு விழுந்தால்

நாலு தையல் விழும், அடுத்தது ஒன்று நீளமாகத் தாண்டிப் போகும். டென்ஷனைத் திருகுவதுதான் எல்லோருடைய முதல் வேலை, பெரும்பாலும் அது டென்ஷன் அல்ல, ஊசி. ஊசி கீழே போய்ச் சற்று மேலே எழும்போது மேல் நூல் பின்னால் ஒரு சிறு வளையமாக உப்பும், அந்த வளையத்தைக் கீழே சுற்றும் கொக்கி பிடித்தால்தான் தையல். லைக்ரா கலந்த துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டே மேலே எழும்பிவிடும், வளையம் உப்பாது, கொக்கி வெறுமனே சுற்றிப் போகும்.

எனவே ஊசியை மாற்றுங்கள். சாதாரண காட்டன் பனியன் துணிக்குப் பால் பாயின்ட் ஊசி, அதன் முனை மழுங்கலாக இருப்பதால் கண்ணியைக் குத்தி அறுக்காமல் கண்ணிகளுக்கு நடுவே புகும். லைக்ரா துணிக்கு ஸ்ட்ரெச் ஊசி என்றே கேட்டு வாங்குங்கள், அதில் காதுக்குப் பின்னால் உள்ள பள்ளம் கொக்கி நெருங்கிப் பிடிப்பதற்காகவே அமைத்தது. டீ-ஷர்ட் துணிக்கு 11, தடித்த ஹூடி துணிக்கு 14. மெஷினுக்கு ஏற்ற ஊசி வகைதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், பவர் மெஷின் (கம்பெனி மெஷின்) ஊசி வீட்டு மெஷினுக்கு ஆகாது. ஊசி மாற்றியும் விடுகிறதென்றால் துணிக்குக் கீழே நியூஸ் பேப்பரைக் கிழித்து வைக்காதீர்கள், மை ஒட்டும், வெள்ளைத் தாள் அல்லது டிஷ்யூ பேப்பர் வையுங்கள். தைத்தபின் கிழித்து எடுத்துவிடலாம்.

தையலை ஒட்டிச் சிறு சிறு ஓட்டைகள் தெரிந்தால் அதுவும் ஊசிதான், கூர் ஊசி கண்ணியை அறுத்திருக்கிறது. இது சில சமயம் முதல் துவைப்புக்குப் பிறகுதான் தெரியும் என்பதுதான் கொடுமை.

ஓரம் அலை அலையாக நெளிந்தால்

மெஷினின் பல் கீழ்த் துணியைப் பின்னால் தள்ளுகிறது, பாதம் மேல் துணியை அழுத்திப் பிடிக்கிறது. இந்த இழுபறியில் துணி நீண்டுவிடும், நீண்ட நிலையிலேயே தையல் விழுந்து அப்படியே நின்றுவிடும். கை இழுத்தால் கேட்கவே வேண்டாம். தைத்த துண்டையும் தைக்காத துண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள், நீண்டிருப்பது தெரியும்.

பாதத்தின் அழுத்தத்தைக் குறையுங்கள். பழைய கருப்பு மெஷினில் பாதம் மாட்டியிருக்கும் கம்பிக்கு நேர் மேலே ஒரு திருகு இருக்கும், அதைத் தளர்த்தினால் போதும். அந்தக் காலத்து மெஷினில் இருக்கும் இந்த வசதி இப்போதைய சில சிறிய மெஷின்களில் இல்லை, அங்கே தாள் வைத்துத் தைப்பதுதான் வழி. தையல் நீளத்தை 2.5 அல்லது 3 மி.மீ. வையுங்கள், ஜாக்கெட்டுக்கு வைக்கும் பொடித் தையல் இங்கே நூலைத் திணித்துத் திணித்து ஓரத்தை நீட்டிவிடும். கையைத் துணிக்கு முன்னால் லேசாக வைத்து வழிகாட்டினால் போதும். லேசான நெளிவு என்றால் கவலைப்படாதீர்கள், நீராவி விட்டு அயர்ன் பாக்ஸை வைத்து வைத்து எடுங்கள், தேய்த்து இழுக்காதீர்கள், பாதி நெளிவு அதிலேயே அடங்கிவிடும்.

போட்டுக் கழற்றும்போது படீர் என்று அறுந்தால்

துணி நீள்கிறது, நேர்த்தையல் நீளவில்லை, அவ்வளவுதான். ஜிக்ஜாக் மெஷின் இருந்தால் அகலம் 0.5 முதல் 1, நீளம் 2.5 முதல் 3, பார்க்க நேர்த்தையல் போலவே இருக்கும், நீளும். மின்னல் கோடு போல ஒரு ஸ்ட்ரெச் தையல் பல மெஷின்களில் உண்டு, உறுதியானது, ஆனால் பிரிக்க நேர்ந்தால் அழுகை வரும், பழகும் காலத்தில் அதைத் தொடாதீர்கள் என்பேன். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும், காட்டன் நூல் இழுபடாமல் அறும்.

நேர்த்தையல் மட்டும் போடும் மெஷின்தான் இருக்கிறதா? எங்கே நீளும், எங்கே நீளாது என்று யோசியுங்கள். தளர்வான டீ-ஷர்ட்டின் பக்கத் தையல் நீளவாக்கில் அதிகம் இழுபடாது, அங்கே நேர்த்தையல் தாங்கும். கழுத்து, இடுப்பு, இறுக்கமான கை இவைதான் அறும். அந்த இடங்களில் மேல் நூல் டென்ஷனைச் சற்றுத் தளர்த்தி, துணியைக் கொஞ்சமே கொஞ்சம் விரித்துப் பிடித்துத் தையுங்கள். இல்லாவிட்டால் குண்டூசி குத்தி இணைத்துக் கொண்டுபோய்ப் பக்கத்து டெய்லர் கடையில் ஓவர்லாக் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓவர்லாக் மெஷின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும், அதற்குத் துணி விட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

தோள் மட்டும் எதிர்மாறு, அங்கே நீளவே கூடாது. கையின் கனத்தில் தோள் இறங்கிக்கொண்டே போகும், டீ-ஷர்ட் ஒரு சைஸ் பெரிதானது போல ஆகிவிடும். மெல்லிய பருத்தி நாடா ஒன்றைத் தோள் தையலோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். நாடாவின் நீளத்தைத் துணியில் அளக்காதீர்கள், பேப்பர் பேட்டர்னில் அளந்து வெட்டுங்கள், துணி ஏற்கெனவே நீண்டிருக்கும்.

கழுத்துப் பட்டி

வீட்டில் தைத்த டீ-ஷர்ட்டைக் காட்டிக்கொடுப்பது கழுத்துதான். பட்டி வெளியே மலர்ந்து நின்றால் பட்டி நீளம் அதிகம். பட்டி படுத்து, உடம்புத் துணி சுருக்கம் சுருக்கமாக விழுந்தால் பட்டி நீளம் குறைவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் அடுத்த பட்டி சரியாக வந்துவிடும்.

கழுத்தின் வெட்டிய ஓரத்தை அளக்காதீர்கள், தையல் விழப்போகும் கோட்டை அளவுநாடாவை நிமிர்த்திப் பிடித்து அளங்கள், அது சற்று நீளமாக வரும். அது 22 இன்ச் என்றால், உடம்புத் துணியிலேயே வெட்டும் பட்டிக்கு 85 சதவீதம், அதாவது 18.7, அதோடு இணைப்புக்கு அரை இன்ச், ஆக மொத்தம் பத்தொன்பதேகால். லைக்ரா கலந்த ரிப் துணி (வரி வரியாகப் பின்னியது, அதிகம் நீளும்) என்றால் 75 முதல் 80 சதவீதமே போதும். பட்டியை அகலவாக்கில், அதிகம் நீளும் திசையில் வெட்டுங்கள். இரண்டு இன்ச் அகலத்தில் வெட்டி இரண்டாக மடித்து, கால் இன்ச்சில் தைத்தால் முக்கால் இன்ச் பட்டி வரும்.

பட்டியையும் கழுத்தையும் நாலாகக் குறித்துக்கொண்டு குறியோடு குறி சேர்க்கச் சொல்வார்கள். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், கழுத்தின் நாலு குறிகளில் இரண்டு தோள் தையலில் வரும் என்று நினைத்து அங்கேயே குண்டூசி குத்திவிடுகிறார்கள். முன் கழுத்து பின் கழுத்தைவிட நீளம். அப்படிக் குத்தினால் பட்டி முன்னால் அதிகம் இழுபட்டுச் சுருக்கம் விழும், பின்னால் தொளதொளக்கும். முன் நடுவையும் பின் நடுவையும் சேர்த்துப் பிடித்துக் கழுத்தை மடியுங்கள், மீதி இரண்டு குறிகள் தோளுக்குக் கொஞ்சம் முன்னால் விழும், அதுதான் சரி. தைக்கும்போது பட்டியை மட்டும் இழுங்கள், கழுத்தை இழுக்காதீர்கள்.

குழந்தைகளுக்கு என்றால் தலை நுழைகிறதா என்பதைப் பட்டி வைக்கும் முன்னரே பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவே 19 இன்ச் அளவுக்கு வரும். தைத்த கழுத்தை இழுத்தால் அதற்கு மேல் போக வேண்டும்.

அடி மடிப்புக்கு இரட்டை ஊசி போட்டால் கடைத் துணி போல இரண்டு கோடு விழும், கீழே நூல் ஜிக்ஜாக்காகப் போவதால் நீளவும் செய்யும். நூலைப் பக்கவாட்டில் கோக்கும் பழைய மெஷினில் இது முடியாது. இரண்டு கோட்டுக்கும் நடுவே துணி மேடு தட்டினால் டென்ஷனைக் குறைத்துப் பாருங்கள்.

பிரிப்பதா, வெட்டுவதா

பனியன் துணியில் ஜிக்ஜாக்கைப் பிரிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. தையல் பிரிக்கும் கத்தி ஒரு கண்ணியை அறுத்துவிட்டால் அது கோடாகக் கழன்றுகொண்டே போகும். அதனால் கழுத்து கெட்டால் நான் பிரிக்கச் சொல்வதில்லை. பட்டியைத் தையலோடு சேர்த்துக் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுங்கள், கழுத்து சற்று அகலமாகும், மறுபடி அளந்து புதுப் பட்டி போடுங்கள். பக்கத் தையல் நெளிந்திருந்தாலும் அப்படித்தான், கால் இன்ச் உள்ளே தள்ளி மறுபடி தைத்து மிச்சத்தை வெட்டிவிடுங்கள். பின்னால் பிரித்துவிட உதவும் என்று பக்கத்தில் விட்டு வைத்த துணியையும் அப்போதே வெட்டுங்கள், ஜாக்கெட்டில்தான் அதற்கு உபயோகம், இங்கே அது உள்ளே சுருண்டு தடித்துக்கொண்டு வெளியே வரியாகத் தெரியும்.

தேறவே தேறாது என்று ஆகிவிட்ட பெரியவர் டீ-ஷர்ட்டைத் தரை துடைக்கப் போடாதீர்கள். அதன் அடி மடிப்பு நன்றாக வந்திருந்தால், குழந்தை பனியனின் பேப்பர் பேட்டர்னை அடி ஓரம் அந்த மடிப்போடு ஒட்டி வருமாறு வைத்து வெட்டுங்கள், கைக்கும் கை மடிப்போடு சேர்த்தே வெட்டிக்கொள்ளலாம். மடிப்பு வேலை எதுவும் இல்லை, தோள், கை, பக்கம், கழுத்துப் பட்டி மட்டும்தான் தைக்க வேண்டியிருக்கும்.