ஓட்டுக்கூரை ஸ்டேஷனுக்கு மழைக்கறை

மாயவரம்–திருவாரூர் பாதையின் மீட்டர்கேஜ் காலத்துச் சின்ன ஸ்டேஷனை ஹெச்ஓ என்கிற மாடல் ரயில் அளவில் பொம்மையாகச் செய்யலாம். அது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. நாலு மீட்டர் சுவர் 46 மில்லிமீட்டர் வரும். சுவருக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையே போதும், காசு கொடுத்து வாங்காதீர்கள்.

ஓடுதான் வேலை வாங்கும். காகிதப் பட்டைகளின் விளிம்பைப் பல் பல்லாக வெட்டி, இறவாணத்தில் தொடங்கி மேல்நோக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுங்கள். எல்லாம் ஒரே சிவப்பாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. அங்கங்கே நாலைந்தைப் பழுப்பாக்குங்கள்.

அப்புறம் கறை. கறுப்பு அக்ரிலிக்கை அரிசி களைந்த தண்ணீர் மாதிரி நீர்க்கக் கரைத்து, மேலிருந்து கீழே மட்டும் தூரிகையை இழுங்கள். ஐப்பசி மழை தெறிக்கும் சுவரடியில் பச்சைச் சாக்பீஸ் தூளைத் தேயுங்கள். பெஞ்சுக்குப் பின்னால் மட்டும் பாசி வேண்டாம். அங்கே தலை சாய்த்த எண்ணெய்க்கறை, பழுப்பில் ரெண்டு புள்ளி. கடைசியில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடியுங்கள், இல்லாவிட்டால் தூள் கையோடு வந்துவிடும்.