கழுத்தில் நரம்பு நசுங்கினால்: முதலில் விரலைப் பாருங்கள்

யாங்கோன் படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர், தலையில் தட்டோடு தெருத்தெருவாய் விற்கிற அம்மா, டீக்கடைக் குட்டி முக்காலியில் குனிந்தபடி போன் பார்க்கிற பையன், மூவரும் சொல்வது ஒன்றுதான்: "கழுத்துல சுளுக்கு, கை சுர்ருங்குது." வெறும் சுளுக்கு விரல் வரை இறங்காது. வலி தோளைத் தாண்டி மின்சாரம் பாய்வதுபோல் ஒரு கையில் மட்டும் ஓடினால், கழுத்தில் நரம்பு வேர், அதாவது தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் இடம், நசுங்குகிறதோ என்று சந்தேகப்படுங்கள். இளையவர்களுக்குப் பெரும்பாலும் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கியிருக்கும். வயதானவர்களுக்கு எலும்பு முளைத்து, நரம்பு வெளியே வரும் துளை குறுகியிருக்கும்.

எந்த வேர் என்பதை விரலே காட்டிக்கொடுக்கும். கழுத்து முள்ளெலும்பு ஏழு, நரம்பு வேர் எட்டு. நடுவிரல் மரத்து, கதவைத் தள்ளும்போது முழங்கையை நீட்டப் பலமில்லை என்றால் ஏழாவது வேர். அதிகம் அடிபடுவது இதுதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்து, மணிக்கட்டை மேலே தூக்க முடியவில்லை என்றால் ஆறாவது. சுண்டுவிரல் பக்கம் மரத்துப் பிடி தளர்ந்தால் எட்டாவது. விரலில் ஒன்றுமில்லை, தோளின் வெளிப்பக்கம் மட்டும் வலித்துக் கையை உயர்த்த முடியவில்லை என்றால் ஐந்தாவது.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். வலிக்கிற கையின் உள்ளங்கையை, தட்டைப் பிடிப்பதுபோல் உச்சந்தலையில் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வலி தணிந்தால் கழுத்துதான் காரணம் என்பதற்கு அது நல்ல அடையாளம். நரம்பின் இழுவை தளர்வதால் வரும் சுகம் அது. அடுத்து, வலிக்கிற பக்கம் தலையைத் திருப்புங்கள். 60 பாகைக்கு முன்பே நின்றுவிட்டால் சந்தேகம் வலுக்கும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து மேலிருந்து அழுத்தும் சோதனையை மருத்துவர் செய்யட்டும், வீட்டில் யாரும் கைவைக்க வேண்டாம்.

ஏமாற்றும் நோய்களும் உண்டு. ராத்திரி கை மரத்து எழுந்து, உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கலாம். நடந்தால் இடது கை கனத்து, நெஞ்சு இறுகி, வியர்த்தால் கழுத்தை மறந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தினமும் கட்டுகிற லுங்கி முடிச்சு திடீரென்று கைக்கு வசப்படவில்லை, ஜாக்கெட் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை என்றால், நசுங்குவது வேர் அல்ல, தண்டுவடமே. அன்றே காட்ட வேண்டும். விழுந்து அடிபட்டது, காய்ச்சல், புற்றுநோய் வந்தவர், நாளுக்கு நாள் குறையும் கைப்பலம் இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

இவை இல்லையென்றால் பயம் வேண்டாம். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் கத்தி படாமலே தணிந்துவிடும். பிதுங்கிய வட்டு தானாகவே சுருங்குவதும் உண்டு.

முதல் வாரம் தலைச்சுமை கூடாது; படுத்தே கிடக்கவும் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய், கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எதுவும் இல்லாத பெரியவர்கள் ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பின், நாளுக்கு மூன்று வேளை, ஐந்தாறு நாள் எடுக்கலாம். கழுத்துப் பட்டை போட்டால் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம், தசை சோம்பிப்போகும். தலையணை, கழுத்து முதுகின் நேர்கோட்டில் நிற்கும் உயரம் இருக்கட்டும். குப்புறப் படுக்காதீர்கள்.

உயிர்போகும் வலி அடங்கியதும் தாடை இழுக்கும் பயிற்சி. சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, பார்வையை நேரே வைத்து, தாடையை மட்டும் பின்னோக்கி இழுங்கள். இரட்டைத் தாடை தெரிய வேண்டும், தலை குனியவோ நிமிரவோ கூடாது. 5 விநாடி பிடித்து விடுங்கள். 10 தடவை, காலை மாலை. பலர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள்: தாடையை நெஞ்சுக்குக் கொண்டுபோய், உள்ள வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். வலி விரலிலிருந்து தோளுக்கு ஏறினால் நல்லது, தொடரலாம். கையில் கீழே இறங்கினால் நிறுத்துங்கள்.

சலூனில் கழுத்தைச் சொடக்கு எடுக்கவே கூடாது. கடையில் பொட்டலமாய்த் தரும் பெயரில்லாக் கலப்பு மாத்திரையும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலி மறையும், சர்க்கரை ஏறும், வயிறு புண்ணாகும்.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நரம்பு தெரியாது. எம்.ஆர்.ஐ.க்கு அவசரப்பட வேண்டாம். வலியே இல்லாதவர் கழுத்திலும் வட்டு பிதுங்கல் தெரிகிறது. ஆறு வாரமாகியும் குறையவில்லை, அல்லது பலம் குறைகிறது என்றால் எடுக்கலாம். அறுவை சிகிச்சை பேச்சு அதற்குப் பிறகுதான்.

இரு கைப்பிடியும் சமமாகி, தலை திரும்பும்போது கையில் வலி வராதபோது சுமையைத் தொடலாம். முதலில் இரண்டு பர்மா வீசை, அதாவது சுமார் மூன்றே கால் கிலோ, கையில். தலைக்குத் தட்டு ஏறுவது கடைசியில்தான்.