வரம்புக் கீரையும் காட்டுக்கிழங்கும்: எங்கே பிழை விடுகிறோம்?

மாரி தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வயல் வரம்பு, வளவு வேலி, குளக்கட்டு எல்லாம் பச்சைதான். பொன்னாங்காணி, வல்லாரை, முசுட்டை என்று காசில்லாமலே சுண்டலுக்கு இலை கிடைக்கும். பறிப்பதில் தவறில்லை, அடையாளம் பார்க்கிற விதத்தில்தான் சிக்கல்.

சந்தேகமான செடியை நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பது பெரிய பிழை. கசந்தால் நஞ்சு, கசக்காவிட்டால் கறி என்ற கணக்கு செல்லாது. குறிஞ்சா கசக்கிறதே, சுண்டி உண்ணவில்லையா? கார்த்திகைக்கிழங்கை வற்றாளை (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) என்று நினைத்து அவித்துத் தின்று நஞ்சேறியவர்கள் இலங்கையில் உண்டு. அதிலுள்ள கொல்ச்சிசின் என்ற நஞ்சு அவித்தாலும் அழியாது. வாந்தி, வயிற்றோட்டம் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும், அதுவரை ஆள் சுகமாகவே இருப்பார். கொடி பச்சையாக நிற்கும்போது இலை நுனி சுருண்டு பக்கத்துக் கம்பைப் பிடித்திருப்பதை வைத்தே பிடித்துவிடலாம். கொடி காய்ந்த பிறகு அந்த அடையாளம் போய்விடும். அப்போது தோண்டினால் விரல் தடிப்பில், கவைபோல இரண்டாகப் பிரிந்த கிழங்கு வரும். கலப்பைக்கிழங்கு என்பதும் இதைத்தான். கொடி எதுவென்று தெரியாமல் வெறுங்கிழங்கை அடுப்பில் ஏற்றவே கூடாது.

இலையை மட்டும் பார்த்துக் கீரை பறிப்பது அடுத்தது. பொன்னாங்காணியில் வெள்ளைப் பூ காம்பில்லாமல் கணுவிலேயே ஒட்டியிருக்கும். அலிகேட்டர் வீட் என்ற களையும் அதே சாயல்தான். ஆனால் அதன் பூ நீளக் காம்பில் தனியே நிற்கும், முற்றிய தண்டு உள்ளே குழாயாக இருக்கும். அவுஸ்திரேலியாவில் குடியேறிய நம் நாட்டவர்கள் பொன்னாங்காணி என்று நம்பி வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தது இந்தக் களையைத்தான். பூ இல்லாத செடியில் சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள், கீரைக்கா பஞ்சம்?

சரியான கீரையே பிழையான இடத்தில் முளைத்தாலும் ஆபத்து. களைநாசினி அடித்த வரம்பில் இலை உடனே வாடாது, சில நாள் பச்சையாகவே நிற்கும். வயற்காரரிடம் கேட்காமல் பறிக்காதீர்கள். கழிவு வாய்க்கால் ஓரத்து வல்லாரை எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் வேண்டாம்.

குரங்கும் பறவையும் தின்றால் நமக்கும் ஆகும் என்பார்கள். காஞ்சிரை (எட்டி) பழத்தின் சதையை அவை தின்னும். கொட்டையில் இருப்பதோ ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டி வையுங்கள்.

தின்றுவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1990-க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்தச் செடியை இலை, பூ, கிழங்கோடு ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், சமைத்தது மிச்சமிருந்தால் அதையும்.